கண்ணகையின் வழக்கு

எங்கள் ஊரின் கீழைத்தெருவிலே ஓர் அம்மன் கோவில் உண்டு. அதன் வாயில் முகப்பிலே ‘ஸ்ரீ இராஜராஜேஸ்வரி அம்பாள் தேவஸ்தானம்’ என்று பெரிய எழுத்துக்களிற் பொறித்திருக்கின்றார்கள். ஆனால் என் ஆச்சியின் வாயிலிருந்து அந்தப் பெயர் ஒருநாளேனும் வந்ததை நான் கேட்டதில்லை. அவருக்கு அது கண்ணகை அம்மன் கோவில். பங்குனித் திங்களாயினும் ஆடிச் செவ்வாயாயினும் “கண்ணகையிட்டைப் போட்டு வாறன்” என்று சொல்லித்தான் படலையைத் திறப்பார்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நான் பதினைந்து வயதுச் சிறுவன். மழையிலே, இருளிலே, சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் நெருங்கி நகரமுடியாது நின்ற செம்மணி வெளியிலே, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த ஆச்சி ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்: “கண்ணகை கேட்பாள், கண்ணகை கேட்பாள்.” அம்மன் எங்கள் முறையீட்டுக்குச் செவிசாய்ப்பாள் என்றே அன்று நான் பொருள் கொண்டேன். கேட்டல் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருளுண்டு என்பதை, தமிழாசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே இந்த இடத்திற் பொருத்திப் பார்த்தேன்.

பொருத்திப் பார்க்க வைத்தவன் ஒரு மாணவன். உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். பாண்டியன் அவையிலே ஒற்றைச் சிலம்புடன் நின்ற அந்தப் பெண்ணின் கதையில் வகுப்பு முழுவதும் ஆழ்ந்திருந்தது. பின் வாங்கிலிருந்த அவன் எழுந்து, “சேர், இந்தக் கண்ணகியும் எங்கள் ஊர்க் கோவில் அம்பாளும் ஒருவரா?” என்று கேட்டான். “ஒரு காலத்தில் அப்படி இருந்தது” என்று சொல்லி அடுத்த அடிக்குப் போய்விட்டேன். அது விடையன்று என்பது அவனுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

யாழ்ப்பாணத்துப் பழைய கண்ணகி கோவில்கள் பலவும் இன்று வேறு பெயர் பூண்டு நிற்கின்றன. இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் ஆகம விதிப்படி பிரதிட்டை செய்யப்பட்ட அம்பாள்கள் இப்பொழுது அங்கே எழுந்தருளியிருக்கின்றார்கள். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் (1822 - 1879), வணிகர் குலத்துப் பெண்ணொருத்தியைச் சைவர்கள் தெய்வமாக வழிபடுவது தகாது என்று கண்டித்ததை அறிந்தவர்கள் அறிவார்கள். அப்பெருமகனார் வகுத்த கல்வி வழியிலே கற்றவன் நான்; அவ்வழியிலே கற்பித்து வாழ்பவனும்கூட. ஆதலால் இதனைக் குறையாகச் சொல்ல என் நாக் கூசுகின்றது. ஆயினும் ஒன்று சொல்லலாம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரம் முழுவதையும் உரையோடு அச்சிலே தந்தது 1892ஆம் ஆண்டில். நாவலர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர்.

மாணவனுக்குச் சொல்லவேண்டிய விடையைத் தேடித்தான் இரண்டு வைகாசி மாதங்களிலே இரண்டு ஊர்களுக்குப் போனேன்.

முதலாவது வற்றாப்பளை. பரந்தனிலே கிழக்கே திரும்பும் வீதி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களைத் தாண்டி முள்ளிவாய்க்காலினூடாகச் செல்லுகின்றது. பஸ் வண்டியிலே அதுவரை உரக்கப் பேசிக்கொண்டு வந்தவர்கள் அவ்விடத்திலே தாமாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே நெடும்போர் முடிந்தது இந்தக் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலிலேதான். வட்டுவாகற் பாலத்தைக் கடக்கும்போது நந்திக்கடல் வெயிலிலே வெண்மையாகப் பரந்து கிடந்தது. அந்த நீர்ப்பரப்பின் மறுகரையிலே இருக்கின்றாள் வற்றாப்பளைக் கண்ணகி.

மதுரையை எரித்த சினத்தோடு ஈழத்துக்கு வந்த அம்மன் ஒவ்வோரிடமாகத் தங்கி வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்பர். பத்தாம்பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்றாம். நந்திக்கடல் ஓரத்திலே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கின்றது என்றாள். சிறுவர்கள் அவளை இருத்திப் பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கலங்க, “கடல் நீரை எடுத்து ஏற்றுங்கள்” என்றாள் கிழவி. ஏற்றினார்கள், எரிந்தது. பின்னர் “என் தலை கடிக்கின்றது, பேன் பாருங்கள்” என்று தலையைக் காட்டினாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் அவள் தலை முழுவதும் ஆயிரம் கண்கள் விழித்திருக்கக் கண்டார்கள். வைகாசித் திங்களிலே மீண்டும் வருவேன் என்று சொல்லிக் கிழவி மறைந்தாள்.

அந்தத் திங்கள்தான் இன்றும் பொங்கல் நாள். வைகாசிப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமை. பாக்குத் தெண்டலுடன் சடங்குகள் ஆரம்பமாகின்றன. சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலிலே அந்த உப்பு நீரைக்கொண்டு விளக்கேற்றி, ஒரு வாரம் சென்றபின் வற்றாப்பளைக்குக் கொண்டுவருகின்றார்கள். உப்பு நீர் எப்படி எரியும் என்று கேட்கும் மாணவருக்கு நான் விடைசொல்லப் புகவில்லை. அப்படிக் கேளாத மாணவரைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

பொங்கலன்று இரவு அந்த வெளியிலே எத்தனை ஆயிரம் அடுப்புக்கள் எரிந்தன என்று எண்ணுவார் இல்லை. புகையினாற் கண் கரித்து, கோவிலின் மேற்கு வீதியிலே ஒரு மரத்தடியில் ஒதுங்கினேன். பக்கத்திலே ஒரு முதியவள் மூன்று கற்களை வைத்துத் தனியாகப் பொங்கிக்கொண்டிருந்தாள். பானைக்குப் பக்கத்திலே பாய்த்துண்டொன்றிலே ஓர் இளைஞனின் படம், கண்ணாடிச் சட்டமிட்டது, வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. “நேர்த்திக்கடனோ, அம்மா?” என்று கேட்டேன். “இல்லைத் தம்பி. மகனைக் கேட்க வந்தனான்” என்றாள். அதன்பின் ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டாள். மேலும் பேச எனக்கு வாய் வரவில்லை.

செம்மணி வெளியிலே ஆச்சி சொன்ன சொல்லின் மற்றைப் பொருள் எனக்கு அவ்விடத்திலேதான் விளங்கிற்று.

அடுத்த ஆண்டு வைகாசியிலே கிழக்கே போனேன். இரவு முழுவதும் பஸ்ஸிலே இருந்து விடியும்போது மட்டக்களப்பு வாவியைக் கண்டேன். கல்முனையைக் கடந்து, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய முஸ்லிம் ஊர்களையும் கடந்தால் காரைதீவு. வீட்டு மதிலுக்கு வீட்டு மதில் தொடுத்துக் கிடக்கும் இந்தக் கரையோரத்திலே ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகின்றது என்பதை அயலான் அறிவது கடினம். பள்ளிவாசலின் பாங்கொலி அடங்கிச் சிறிது நேரத்திலே கோவில் மணி கேட்டது. ஊர் மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை பெருந் துயர் விளைத்த கரை இது. ஆயினும் அம்மனின் சடங்கு தொடங்குவது அந்தக் கடலிலேதான். கடலுக்குச் சென்று தீர்த்தம் கொணர்ந்து, கோவில் முன்றிலிலே கலியாணக்கால் நட்டுச் சடங்கை ஆரம்பிக்கின்றார்கள்.

சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலே. சிலப்பதிகாரம் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்த அதே ஆண்டு! அன்னையார் பெயர் கண்ணம்மை. இந்தப் பகுதியிலே கண்ணகை, கண்ணம்மை என்ற பெயர்கள் பெண்களுக்கு வழிவழியாக வழங்கி வருவன. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைநுட்பங்களை ஆராயப் புகுந்து, பல்லாண்டு உழைத்து, 1947ஆம் ஆண்டு ஆனியிலே திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலிலே யாழ் நூலை அரங்கேற்றிய பெரியார், அடுத்த மாதமே மறைந்தார். பழந்தமிழிசையை மீட்கவேண்டுமென்ற எண்ணம் ஒரு விஞ்ஞானப் பட்டதாரிக்கு எங்கிருந்து வந்தது என்று பலர் வியந்ததுண்டு. காரைதீவிலே ஒரு வைகாசி இரவைக் கழித்தபின் எனக்கு அந்த வியப்பு இல்லை.

மட்டக்களப்புத் தமிழகத்துக் கண்ணகி கோவில்கள் பலவற்றிலே ஆண்டு முழுவதும் நாட்பூசை இல்லை. வைகாசியிலே திருக்கதவு திறப்பார்கள். சடங்கு முடிந்ததும் அடைப்பார்கள். தம்பிலுவில், காரைதீவு, கல்லாறு, எருவில், மகிழூர், செட்டிபாளையம் என்று கரை நெடுகிலும் அக்காலத்திலே அம்மன் வருகின்றாள். பூசை செய்பவர் கப்புகனார் எனப்படுவார். மந்திரத்திலும் மேலாகப் போற்றப்படுவது பாட்டு. ‘கண்ணகி வழக்குரை’ என்னும் காவியத்தை நாள்தோறும் காதை காதையாகப் பாடுகின்றார்கள். ஏட்டிலே கிடந்த இந்நூலை வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்து 1968இல் வெளிவரச் செய்தார்.

இளங்கோவடிகளின் கண்ணகியையே அறிந்தவர்களுக்கு இந்தக் காவியத்துக் கண்ணகி புதியவள். இங்கே அவள் மாங்கனியிலே பிறக்கின்றாள். மூன்று கண்ணுடைய பாண்டியன் ஒருவனின் கொடுமையை அடக்க அம்மையே அக்கனியில் வந்து தோன்றுகின்றாள். குழந்தையாற் கேடு வருமென்று அஞ்சிப் பேழையிலே வைத்து நீரில் விட்டுவிடுகின்றார்கள். பேழை காவிரிப்பூம்பட்டினத்துக் கரையிலே ஒதுங்க, வணிகர் எடுத்து வளர்க்கின்றார்கள். எந்த மன்னனின் அவையிலே பின்னர் நீதி கேட்டு நிற்கின்றாளோ அவனுடைய வீட்டுப் பிள்ளையே அவள் என்றால், அந்த வழக்குக்கு எத்தனை கூர்மை ஏறுகின்றது பாருங்கள்! மூலநூலிலே இல்லாத இந்தக் கற்பனையைப் பண்டிதர்கள் சிலர் எள்ளுவார்கள். நானும் எள்ளியவன்தான்.

இன்னொரு காதை எங்கள் வட பகுதிக்கு உரியது. அம்மனின் காற்சிலம்பிலே வைப்பதற்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலோட்டி வருகின்றான். வெடியரசனோடு கடலிலே பெரும் போர் புரிந்து மணிகொண்டு மீளுகின்றான். நெடுந்தீவிலே வெடியரசன் கோட்டை என்று ஓர் இடிபாட்டை இன்றும் காட்டுவார்கள். சிலம்பின் பரல் முத்தா, மணியா என்பதிலேதான் வழக்கு முழுவதும் தங்கியிருக்கின்றது. அந்தச் சான்று ஈழத்துக் கடலிலிருந்து போனதென்று பாடுகின்றார்கள் ஈழத்துப் புலவர்கள்! கோவலன் கதை என்ற பெயரிலே இக்காவியம் யாழ்ப்பாணத்திலும் ஒருகாலத்திலே பாடப்பட்டதுதான்.

குளிர்த்தி இரவிலே கோவில் வீதியில் மணலே தெரியவில்லை, அவ்வளவு சனம். உடுக்கு ஒலித்தது. பாடியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஏட்டையோ புத்தகத்தையோ அவர் பார்க்கவில்லை. கொலைக்களக் காதையைப் பாடும்போது எனக்கு முன்னாலிருந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் கேட்கும் கதை. முடிவு தெரிந்த கதை. இருந்தும் அழுதார்கள். பாட்டு வழக்குரைக்கும் இடத்துக்கு வந்ததும் அழுகை நின்றது. நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் வகுப்பிலே இருபது ஆண்டுகளாக அந்தக் கட்டத்தை விளக்கி வருகின்றேன். அவ்வாறு நிமிர்ந்து உட்கார்ந்தவர்களை ஒருநாளும் கண்டிலேன்.

பாட்டுக்கு இடையே கிடைத்த ஓய்விலே, கோவிற் பெரியவர் ஒருவருடன் வெளியே உட்கார்ந்து கோப்பி குடித்தேன். கற்றவன் என்ற மிடுக்கோ, களைப்போ, எதுவோ தெரியவில்லை. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். “ஐயா, கண்ணகிக்கு ஆகமத்திலே இடமில்லையே, ஏதாவது அம்பாள் பெயரை வைத்து ஆகமப்படி பூசை செய்யலாமென்று இங்கே ஒருவரும் சொல்லவில்லையா?”

அவர் கோபிக்கவில்லை. “சொன்னவங்க இருக்காங்க, தம்பி. இந்தப் பக்கத்திலயும் சில கோவில மாத்தித்தான் இருக்கு. ஆகமம் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுங்க. அவட வழக்கச் சொல்லாம அவளக் குளிரச் சொன்னா, குளிருவாளா?” என்றார். கோப்பிக் கிண்ணத்தை மணலிலே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

விடியற் பொழுதை அண்டியதும் குளிர்ச்சிக் காதை தொடங்கியது. மதுரையை எரித்துவிட்டு, எரிந்த நெஞ்சோடு வருபவளை இடைச்சியர் எதிர்கொண்டு குளிர்விக்கின்றார்கள். கப்புகனார் வேப்பிலையை நீரிலே தோய்த்து அம்மன்மீது தெளிக்க, பாட்டு மெல்ல மெல்லத் தணிந்து வந்தது. வைகாசி வெயிலிலே அம்மைநோய் பரவுங் காலம். நோய்க்கே அம்மாள் என்று பெயரிட்டு, வேப்பிலை கட்டிக் குளிர்விப்பது எம்மவர் மரபு. தமிழகத்தார் இதனை மாரியம்மனிடத்து வைத்தார்கள். கிழக்கிலங்கையார் கண்ணகியிடத்து வைத்தார்கள். ஒரு பெண்ணின் சினம் மண்ணின் வெம்மையாகவும் உடலின் வெம்மையாகவும் எண்ணப்படுகின்றது. அதைத் தண்ணீரால் ஆற்றுகின்றார்கள். பெரியவர் சொன்ன முறையையும் கவனித்தேன். முதலிலே வழக்கு முழுவதும் உரைக்கப்படுகின்றது, தீர்ப்புக் கிடைக்கின்றது, அதன்பின்னரே தண்ணீர். வரிசையை மாற்றுவதில்லை.

இந்தத் தெய்வம் தமிழருக்கு மட்டும் உரியவளல்லள் என்பதையும் இவ்விடத்திலே சொல்லவேண்டும். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வழிபடுகின்றார்கள். கண்டி எசலப் பெரஹராவிலே ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் பத்தினி தேவாலயமும் ஒன்று. அங்கே பூசை செய்பவர் கபுறாளை, இங்கே கப்புகனார். அங்கே அங்கெலிய, இங்கே கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒரு சாரார் கோவலன் பக்கமும் மறு சாரார் கண்ணகி பக்கமும் நின்று, கொளுவிய கொம்புகளைக் கயிறு பூட்டி இழுக்கும் அந்த விளையாட்டு இன்று மிக அருகிவிட்டது. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு சென்றான் என்பது சிலப்பதிகாரம். மகாவம்சம் கயவாகுவைப் பற்றிப் பேசுமிடத்திலே பத்தினியைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் இதனை இன்னும் நெடுங்காலம் விவாதிப்பார்கள். அவர்கள் விவாதிக்கட்டும், நெடுங்காலமாக இரு இனத்தாரும் ஒரே பெண்ணின் சிலம்பை வணங்கி வந்திருக்கின்றார்கள்.

குளிர்த்தி நீருக்காகச் சனம் முண்டியடித்தது. என் முகத்திலும் சில துளிகள் விழுந்தன. கையிலிருந்த சிறு போத்தலிலே கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். சந்திக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. சம்மாந்துறைப் பக்கமிருந்து நெல் மூடை ஏற்றிய லொறிகள் வந்துகொண்டிருந்தன. கடை வாசலிலே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் என் நெற்றித் திருநீற்றையும் தூக்கமற்ற கண்களையும் பார்த்துவிட்டு, “குளிர்த்தி முடிஞ்சிட்டா? இனி மழ வரும்” என்றார்.

ஊருக்கு வந்ததும் மாணவனுக்கு விடை சொன்னேன். ஒருவர்தான் என்று சொன்னேன். பெயர் மாறிய கதையையும், மாறாத இடங்களின் கதையையும் இரண்டு பாடவேளைகளிலே சொன்னேன். எங்கள் ஊர்க் கோவிலிலே வைகாசிப் பூரணையன்று ஒரு மணிநேரமாவது கோவலன் கதையைப் படிக்கலாமென்று பரிபாலன சபையாரிடம் கேட்டும் பார்த்தேன். ஆலோசிப்பதாகச் சொன்னார்கள். ஆலோசித்துக்கொண்டேயிருக்கின்றார்கள்.

போத்தலை அம்மாவிடம் கொடுத்தேன். ஆச்சி போய்ச் சேர்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இருந்திருந்தால் அவர் கையிலே கொடுத்திருப்பேன். அம்மா அன்று மாலையே அதனைக் கோவிலுக்கு எடுத்துச் சென்றார். தீபாராதனை முடிந்தபின் ஐயரிடம் நீட்டினார். “இது எந்தத் தீர்த்தம் அம்மா?” என்று ஐயர் கேட்டார். “கண்ணகைக்குக் குளிர்த்தி, ஐயா” என்றார் அம்மா. ஐயர் சிறிது நேரம் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதனை வாங்கிக்கொண்டு வெளி வீதிக்கு வந்து, தேர்முட்டிக்கு அருகே நிற்கும் பழைய வேப்பமரத்தின் அடியிலே, ஒரு துளியும் சிந்தாமல் மெதுவாக ஊற்றினார்.